மூன்றடி இரண்டு அங்குலம்

"தெரியும்" என்று சொல்லிச் சொல்லித்தான் நான் வளைகுடாவுக்குப் போய்ச் சேர்ந்தேன். திருச்சியில் ஏஜெண்டு ஆபீஸில் எங்களை வரிசையாக உட்காரவைத்து ஒருவர் பாடமே எடுத்தார். "எது கேட்டாலும் தெரியும்னு சொல்லுங்க. தெரியாதுன்னு ஒரு தடவ வாயில வந்துச்சுன்னா அடுத்த ஆளக் கூப்பிட்டுருவாங்க." எனக்குப் பொய் சொல்லவேண்டிய அவசியமே இல்லை. திருச்செங்கோட்டில் பன்னிரண்டு வருடம் லாரிக்குப் பாடி கட்டியவன். வெல்டிங் வரும், சேஸிஸ் நீட்ட வரும், ட்ரெய்லருக்கு அடியில் படுத்தால் கண்ணை மூடிக்கொண்டு வேலை பார்ப்பேன். ஆனாலும் கிரேன் தெரியுமா என்றார்கள், தெரியும் என்றேன். ஹைட்ராலிக் தெரியுமா என்றார்கள், அதுவும் தெரியும் என்றேன். அந்த வியாதி என்னோடு விமானம் ஏறி அஜ்மானில் இறங்கியது.

அஜ்மானின் சனையாவில், அதாவது பட்டறைகளும் குடோன்களுமாக இருக்கும் பகுதியில், ட்ரெய்லர் ரிப்பேர் செய்யும் ஒரு ஒர்க்‌ஷாப். முதலாளியை எல்லோரும் அர்பாப் என்றுதான் கூப்பிடுவோம். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். சாப்பிட்டாயா என்று கேட்பார், காய்ச்சல் என்றால் தானே காரில் கூட்டிப்போவார். லீவு என்ற சொல்லைக் கேட்டால் மட்டும் அவருக்குக் காது அடைத்துக்கொள்ளும். எங்கள் பாஸ்போர்ட்டுகள் அவருடைய பீரோவில் இருந்தன. அப்படி வைத்துக்கொள்ளக் கூடாது என்று சட்டம் இருப்பது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். நாங்களே விரும்பிக் கொடுத்துவைத்திருக்கிறோம் என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கி அதையும் அதே பீரோவில் வைத்திருந்தார்.

எனக்கு அப்போது கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண் சங்ககிரிப் பக்கம். அவளுடைய அப்பா தறி போட்டிருக்கிறவர், அவள் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்தாள். ஆவணியில் முகூர்த்தம் குறித்தார்கள். அந்த மாதம் பார்த்து ஒரு கம்பெனியின் ட்ரெய்லர்கள் மொத்தமாக வந்து வாசலில் நின்றன. அர்பாப் என் தோளில் கைபோட்டு, "நீ என் தம்பி மாதிரி" என்றார். தம்பிக்கு லீவு இல்லை என்று அர்த்தம். கல்யாணம் தைக்குத் தள்ளிப்போனது. பத்திரிகை அடித்து முடித்தபிறகு தள்ளிப்போனது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். பெண் வீட்டில் பாதி ஊருக்குக் கொடுத்துவிட்டு, வீடுவீடாகப் போய்த் தேதி மாறிவிட்டது என்று சொல்லிவந்திருக்கிறார்கள்.

தை பிறப்பதற்கு முன்னால் அவளே ஒருநாள் கூப்பிட்டாள். வழக்கமாகப் பத்து நிமிஷம் பேசுகிறவள், அன்றைக்கு நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"இந்தத் தடவையும் வர்லீன்னா வேற எடம் பாத்துக்கலாம்னு எங்கப்பா சொல்லீட்டாருங்க. நான் சொல்லலீங்க, அவரு சொல்றாரு."

"வந்துருவேன்."

"நெசமாத்தானுங்க?"

"நெசமாத்தான். டிக்கெட் போட்டாச்சு."

டிக்கெட் வியாழக்கிழமை மத்தியானம், சார்ஜாவிலிருந்து கோயம்புத்தூருக்கு. ஞாயிற்றுக்கிழமை காலை முகூர்த்தம். இந்த முறை அர்பாப் லீவுத் தாளில் கையெழுத்தும் போட்டிருந்தார். நான் ரூமில் பெட்டியைக் கட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளியும் வைத்துவிட்டேன். கிளம்ப நான்கு நாள் இருக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை, ஒரு பிக்கப் வந்து நின்றது.

அமெரிக்க வண்டி. முன்னால் இரண்டு பேர், பின்னால் மூன்று பேர் உட்காரும் டபுள் கேபின். புதுசு, இன்னும் சீட்டில் பிளாஸ்டிக் உறை கழற்றவில்லை. சொந்தக்காரர் உள்ளூர் அரபி, நாற்பது வயதிருக்கும், ஏதோ அரசு அலுவலகத்தில் வேலை. மெதுவாகப் பேசுவார். அங்கே பிறந்து வளர்ந்தவர்களில் பலருக்கு வருவதுபோல அவருக்கும் இந்தி நன்றாக வரும். குளிர்காலத்தில் குடும்பத்தோடு பாலைவனத்தில் போய்த் தங்குவதற்காக ஒரு கேரவன் வாங்கியிருந்தார். அது பின்னால் கொக்கிபோட்டு இழுக்கிற வகை இல்லை. பெரிய ட்ரெய்லர்போல ஃபிஃப்த் வீலில் உட்காருகிற வகை. கேரவனின் மூக்குக்கு அடியில் கிங் பின் என்று ஒரு கனத்த இரும்புக் கட்டை தொங்கும். வண்டியின் பின்தொட்டிக்குள் ஒரு தட்டு வைத்து, அதிலுள்ள வாய் அந்தக் கட்டையைக் கவ்வ வேண்டும். அந்தத் தட்டைத்தான் ஃபிஃப்த் வீல் என்றும், தாங்கியோடு சேர்த்து ஹிட்ச் என்றும் சொல்வார்கள். அதைப் பெட்டியோடு வரவழைத்துக் கொண்டுவந்திருந்தார்.

"வெள்ளிக்கிழமை காலை குடும்பத்தோடு கிளம்புகிறேன். புதன்கிழமைக்குள் வேண்டும்" என்றார்.

அர்பாப் என்னைப் பார்த்தார். "ஃபிஃப்த் வீல் உனக்குத் தெரியுமில்ல?"

"தெரியும்" என்றேன். அது பொய்யும் இல்லை. எத்தனை ட்ரெய்லர் வண்டிக்குப் போட்டிருக்கிறேன். பிக்கப்புக்கு ஒருமுறைகூடப் போட்டதில்லை என்பதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை முழுக்க அந்த வேலை. புது வண்டியின் தொட்டியில் ட்ரில்லை வைக்கும்போது யாருக்கும் கை கூசும். ஸ்டெப்னியை இறக்கிவிட்டு அடியில் படுத்து டீசல் டேங்க் எங்கே, பிரேக் குழாய் எங்கே, வயர் எங்கே ஓடுகிறது என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தேன். ட்ரில் பிட் ஒரேயடியாக உள்ளே பாய்ந்துவிடாமல் இருக்க அதில் மரக்கட்டையைக் கோத்துக்கொண்டேன். இரண்டு குறுக்குச் சட்டங்களைத் தொட்டியில் வைத்து, அடியிலிருந்து சேஸிஸோடு பிடித்து, போல்ட்டுகளை டார்க் ரென்ச்சால் ஒரே அளவுக்கு இறுக்கினேன். ஹிட்ச்சின் வாய் பின் அச்சுக்கு நேர் மேலே, ஒரு விரல்கடை முன்னால். பாரம் அச்சுக்குப் பின்னால் விழுந்தால் வண்டியின் முன்பக்கம் தூக்கும், ஸ்டியரிங் பிடிக்காது. இதையெல்லாம் எனக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சாயங்காலம் தள்ளி நின்று பார்த்தேன். அவ்வளவு சுத்தமான வேலை. எனக்கே என்மேல் மதிப்பு வந்தது.

செவ்வாய்க்கிழமை காலை கேரவன் வந்தது. அதுவரை நான் அதைக் கண்ணால் பார்க்கவில்லை. வெள்ளை வெளேரென்று எட்டடி அகலத்தில் ஒரு வீடு. பிக்கப்பைப் பின்னால் எடுத்துக் கோத்தேன். வாய் டக்கென்று கவ்வியது. பிரேக் போட்டு இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. பட்டறைக்குள் நேராக முன்னும் பின்னும் ஓட்டினேன். எல்லாம் சரி. வண்டியை நிறுத்திவிட்டு இறங்கும்போது கேரவனின் முன் மூலையும் பிக்கப்பின் பின் கண்ணாடியும் என் கண்ணில் ஒன்றாகப் பட்டன. இரண்டுக்கும் நடுவில் இடம் போதுமா என்று அப்போதுதான் தோன்றியது.

எங்கள் ஊர்ப் பட்டறைகளில் காகிதத்தில் வரைபடம் போடுவது குறைவு. சாக்பீஸால் தரையில் முழு அளவுக்கு வரைந்துவிடுவோம். அன்றைக்கும் அதைத்தான் செய்தேன், ஒருநாள் பிந்திச் செய்தேன். ஹிட்ச்சின் வாயிலிருந்து கேபின் கண்ணாடிவரை டேப் பிடித்தேன். மூன்றடி இரண்டு அங்குலம். கேரவனின் அகலத்தில் பாதி, நான்கு அடி. நேர்ரோட்டில் இதனால் ஒன்றுமில்லை. முழுசாகத் திருப்பினால் கேரவனின் மூக்கு இருந்த இடத்துக்கு அதன் விலா வரும். மூன்றடி இரண்டு அங்குலத்துக்குள் நான்கு அடி எப்படி அடங்கும்? ஆணியில் கயிறு கட்டிச் சாக்பீஸால் வட்டம் இழுத்தேன். கோடு கண்ணாடியைத் தாண்டி, பின் சீட் இருக்கும் இடத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனது.

பெரிய ட்ரெய்லர் வண்டிகளில் கேபினுக்குப் பின்னால் வெட்டவெளியாக இடம் கிடக்கும். பன்னிரண்டு வருடத்தில் நான் ஒருநாளும் இதை அளந்ததில்லை, அளக்கவேண்டி வந்ததும் இல்லை. அமெரிக்காவில் எட்டடித் தொட்டி வைத்த பிக்கப்பும் உண்டு. அதில் இந்த ஹிட்ச் பொருந்தும். இது ஆறரை அடித் தொட்டி. இதற்கென்றே பின்னால் நகரக்கூடிய ஸ்லைடர் ஹிட்ச் செய்கிறார்கள். லீவரை இழுத்தால் திருப்பத்தில் வாய் ஒரு அடிக்குமேல் பின்னால் போகும், திருப்பம் முடிந்ததும் அதன் இடத்துக்கு வந்துவிடும். இதையெல்லாம் அந்த அரைமணி நேரத்தில் ஃபோனில் தேடிப் படித்தேன். ஞாயிற்றுக்கிழமையே படித்திருக்கலாம். தெரியும் என்று சொல்லிவிட்டவன் எதற்குப் படிக்கப் போகிறான்?

அர்பாபிடம் போனேன். "திருப்பும்போது கொஞ்சம் டைட்டாக வரும்போல இருக்கு" என்று இழுத்தேன்.

அவர் நிமிர்ந்தார். "டைட்னா என்ன? ஓகேவா, ஓகே இல்லையா?"

"ஸ்லைடர்னு ஒண்ணு இருக்கு. அதைப் போட்டா நல்லது."

"சரி, வரவழைக்கிறேன். மூணு வாரம் ஆகும். நீதான் மாட்டணும், வேற யாருக்கு இங்க இது தெரியும்? டிக்கெட்டைத் தள்ளிப்போடு." குரலை உயர்த்தவே இல்லை. காலண்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சும்மா இழுக்காத. ஒரே வார்த்தை சொல்லு. ஓகேவா?"

இங்கே நான் அவர்மேல் பழி போட்டுத் தப்பித்துக்கொள்ளலாம். பாஸ்போர்ட் அவர் பீரோவில் இருந்தது உண்மை. ஆவணியில் என்னைக் கட்டிப்போட்டது உண்மை. ஆனால் அந்த நிமிஷத்தில் அவர் நேராகத்தான் கேட்டார். ஓகே இல்லை என்று நான் சொல்லியிருந்தால் புதன்கிழமை அந்த வண்டி வெளியே போயிருக்காது. அத்தோடு என் கல்யாணமும் நின்றுபோயிருக்கும். சங்ககிரியில் ஒரு மனிதர் வீடுவீடாக இரண்டாவது தடவையாக ஏறி இறங்க மாட்டார்.

"ஓகே" என்றேன்.

திரும்பிவந்து சாக்பீஸ் கோட்டை ஷூவால் தேய்த்து அழித்தேன். கான்கிரீட் தரை, லேசில் போகவில்லை. தண்ணீர் ஊற்றித் தேய்த்தேன். பக்கத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த பெஷாவர்க்காரர், "என்ன பாய், ஊருக்குப் போற சந்தோஷத்துல தரையெல்லாம் கழுவறே" என்று சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

புதன்கிழமை சாயங்காலம் வண்டியை எடுக்க வந்தவர் தன் மூன்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். பெரிய பையன்கள் இரண்டு பேர், சின்னவள் ஒருத்தி. மூவரும் ஓடிப்போய்ப் பின் சீட்டில் ஏறிக்கொண்டார்கள். சின்னவள் நடுவில் மண்டியிட்டு, பின்பக்கம் திரும்பி, கண்ணாடி வழியாகக் கேரவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அர்பாப் என் கல்யாண விஷயத்தைச் சொல்லியிருப்பார்போல. "மப்ரூக்" என்று வாழ்த்தி, அந்த அரபி என் கையில் ஒரு பேரீச்சம்பழப் பெட்டியைக் கொடுத்தார். பெரிய பெட்டி, ரிப்பன் சுற்றியிருந்தது.

"திருப்பத்துல மட்டும் மெதுவா, நல்லா அகலமா எடுத்துத் திருப்புங்க" என்றேன். குரல் எனக்கே யாருடையதோபோல இருந்தது.

"எதுக்கு?"

"புதுசு இல்லையா. பழகணும்."

தலையசைத்துவிட்டு ஏறினார். வண்டி வாசலைத் தாண்டி நேராகப் போனது. தெரு முனையில் ஒரு திருப்பம். அதை அகலமாக எடுத்தாரா என்று தெரியவில்லை, குடோன் சுவர் மறைத்துவிட்டது. நான் கையில் பேரீச்சம்பழத்தோடு, ஏதாவது சத்தம் கேட்கிறதா என்று காதைக் கொடுத்துக்கொண்டு நின்றேன். கேட்கவில்லை. அவருடைய வீடு எவ்வளவு தூரம், வழியில் எத்தனை ரவுண்டபவுட், வீட்டு கேட் எந்தப் பக்கம் திரும்பியிருக்கும் என்றெல்லாம் மனசு கணக்குப் போட்டது. அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

இப்போது சொல்கிறேன், அந்த ராத்திரி முழுக்க நான் எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான். அவரிடம் உடனே சொன்னால் அவர் அர்பாபைக் கூப்பிடுவார், வண்டி திரும்பி வரும், பாஸ்போர்ட் பீரோவிலேயே இருக்கும், பெண் போய்விடும். ஊருக்குப் போய்ச் சேர்ந்து சொன்னால் வேலை போய்விடும். ஓகே என்று வாயால் சொன்னவனைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள எந்த முதலாளிக்குப் பைத்தியம்? வேலையில்லாத மாப்பிள்ளையாக மணவறையில் உட்கார வேண்டும். ஒன்றுமே சொல்லாமல் இருந்தால், சாக்பீஸ் கோடு போன வழியில் அந்தச் சின்னவள் மண்டியிட்டிருப்பாள். கல்யாணத்துக்குப் போகிற மனுஷன் மாதிரியா இருந்தேன்? எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

வியாழக்கிழமை அர்பாபின் டிரைவர் என்னைச் சார்ஜா ஏர்போர்ட்டில் இறக்கிவிட்டுப் பாஸ்போர்ட்டைக் கையில் கொடுத்தார். இரண்டரை வருடம் கழித்துத் தொட்டேன். பெட்டியைப் போட்டேன். இமிக்ரேஷன் வரிசையில் நின்றேன். கவுண்டரில் இருந்தவர் முகத்தை நிமிர்ந்து பார்க்காமலே முத்திரை குத்தினார். அந்தச் சத்தம் கேட்டதும் முதலில் கண்ணில்பட்ட நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். ஐந்து நிமிஷம் கழித்து ஃபோனை எடுத்து அந்தக் கேரவன்காரரைக் கூப்பிட்டேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். அளவைச் சொன்னேன், ஸ்லைடரைச் சொன்னேன், முழுசாகத் திருப்பினால் மூலை கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே வரும் என்று சொன்னேன். நாளைக்குக் கிளம்ப வேண்டாம், பிள்ளைகளைப் பின் சீட்டில் ஏற்றவே வேண்டாம் என்றேன். தப்பு என்னுடையது, அர்பாபுக்குத் தெரியாது என்றும் சொன்னேன்.

நான் முடித்தபிறகு அவர் ஒரு கேள்விதான் கேட்டார். "எங்கிருந்து பேசுகிறாய்?"

"ஏர்போர்ட். உள்ளே வந்துட்டேன்."

"முத்திரை போட்டாச்சா?"

"போட்டாச்சு."

ஃபோன் வைக்கப்பட்டது.

ஞாயிற்றுக்கிழமை கல்யாணம் நடந்தது. மாமனார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சொன்னா சொன்ன மாதிரி வந்துட்டீங்க மாப்ள" என்று நான்கு பேருக்குக் கேட்கச் சொன்னார். பந்தியில் யாருடைய ஃபோன் அடித்தாலும் திரும்பிப் பார்த்தேன். மனைவி கவனித்துவிட்டு, "ஏனுங்க, அங்கயே யாரையாச்சும் வெச்சிருக்கீங்களா?" என்று கேலி செய்தாள். அவளிடம் இதை இன்றுவரை நான் சொன்னதில்லை. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்வாள்.

வேலை போய்விட்டது என்று அர்பாபிடமிருந்து தகவல் வரும் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. நாற்பது நாள் லீவு முடிந்து திரும்பிப் போனேன். பட்டறை வாசலில் நுழைந்ததும் அந்தப் பிக்கப்பும் கேரவனும் நிற்பதைப் பார்த்தேன். தொட்டிக்குள் ஒரு புதுப் பெட்டி, பிரிக்காமல் இருந்தது. ஸ்லைடர் ஹிட்ச்.

"மனசு மாறிட்டாராம், இதுதான் வேணுமாம். வேற யாரும் கை வைக்கக் கூடாது, நீ வந்துதான் மாட்டணும்னு நிறுத்திவெச்சிருக்கார்" என்றார் அர்பாப். அவருக்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை.

அந்த மனிதர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. பிக்கப்பைச் சுற்றி வந்தேன். கேபினின் பின் மூலையில், கண்ணாடிக்கு ஒரு விரல்கடை தள்ளி, வெள்ளைப் பெயிண்ட் இழுத்த ஒரு கீறல் இருந்தது. கேரவனின் மூலையிலும் அதே உயரத்தில் பெயிண்ட் போயிருந்தது. புதன்கிழமை வீட்டுக்குப் போகிற வழியில் பட்டதாகத்தான் இருக்கும். வியாழக்கிழமைக்குப் பிறகு அவர் கேரவனைக் கோக்கவே இல்லை, வேறொரு வண்டிதான் அதை இழுத்துவந்து விட்டது என்றார் அர்பாப்.

பழைய ஹிட்ச்சைக் கழற்றி, அதே சட்டங்களின்மேல் புதியதை மாட்டினேன். மறுநாள் அவர் வந்தார், தனியாக. என்னிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, பின் சீட்டில் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டார். "ஓட்டு. முழுசாகத் திருப்பு."

லீவரை இழுத்து வாயைப் பின்னால் நகர்த்தினேன். பட்டறைக்கு வெளியே உள்ள காலி மனையில் ஸ்டியரிங்கை முட்டும்வரை ஒடித்தேன். முன்னால் மாட்டியிருந்த கண்ணாடியில் அவருடைய தலையும், அதற்குப் பின்னால் மெல்லத் திரும்பி வருகிற வெள்ளை மூலையும் தெரிந்தன. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மூலை நான்கு விரல் இடைவெளி விட்டுக் கடந்துபோனது.

இறங்கி வந்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நீ சொன்னாய். நிறைய பேர் சொல்ல மாட்டார்கள்" என்றார். பிறகு அதே மெதுவான குரலில், "ஆனால் என் பிள்ளைகளை வண்டியில் பார்த்த அன்றைக்குச் சொல்லவில்லை. முத்திரை விழுந்த பிறகு சொன்னாய்" என்றார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மனைவி சௌக்கியமா என்று கேட்டார், கை கொடுத்தார், வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.